பேப்பரில் வந்த பெயர்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். 36 வருட சர்வீஸ். சிகாகோ பக்கம் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திண்ணையில் உட்கார்ந்ததும் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தார். அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு ஒரு ஸ்பூன் கூடுதலாக. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"இதப் பாருங்க தம்பி. ஒரு தெரு முழுக்க இந்த மாதிரித் தூண். ராக்கெட் கணக்கா நிக்குது. சுத்தி வானவில் கலர்ல வளையம். ஒவ்வொண்ணுலயும் வெண்கலத் தகடு. கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரம் போட்டவர்னு சொல்வாங்களே, ஆலன் டூரிங், அவர் படம் இருக்கு. ஜேன் ஆடம்ஸ்னு நோபல் பரிசு வாங்கின அம்மா படம் இருக்கு. இவங்களுக்குள்ள என்ன சம்பந்தம்னு மருமகன்கிட்ட கேட்டேன். 'அதெல்லாம் விடுங்க மாமா'ன்னுட்டார். விடுறதுக்கு எனக்கு மனசு வரலை. நீங்க சொல்லுங்க."

அவர் நின்றது வடக்கு ஹால்ஸ்டெட் தெரு. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் என்று பலரும் நெடுங்காலமாகக் கூடிவாழும் பகுதி அது. தூண்களை 1998-இல் நகராட்சியே நட்டது. தகடுகள் பிறகு வந்தவை. 2012 அக்டோபர் 11 அன்று முதல் தகடுகளைத் திறந்தார்கள். உலகத்தின் எந்த மூலையில் பிறந்தவராக இருந்தாலும், பால்புதுமையராக வாழ்ந்து உலகத்துக்கு ஏதாவது செய்துவிட்டுப் போனவர் என்றால் அங்கே ஒரு தகடு கிடைக்கலாம். ஆங்கிலேயர் டூரிங்கும் மெக்சிகோ ஓவியர் ஃபிரீடா காலோவும் அப்படித்தான் சிகாகோ தெருவுக்கு வந்தார்கள்.

"பால்புதுமையரா? புது வார்த்தையா இருக்கே" என்றார்.

தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. புதுசுதான், ஆனால் அரசு ஒப்புக்கொண்ட வார்த்தை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கை ஒட்டி, இந்த மக்களைப் பத்திரிகைகள் எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்று ஒரு சொற்பட்டியல் தயாரானது. 2022-இல் தமிழ்நாடு அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. அதற்கு முன்னால் நம் பேப்பர்களில் இவர்களைப் பற்றி எழுத இருந்த வார்த்தைகளில் முக்கால்வாசி வசவு. வசவு இல்லாமல் ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கே அரசாணை தேவைப்பட்டது என்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். அவரிடமும் அப்படியே சொன்னேன். தலையாட்டினார்.

தெருவில் தகடுகள் வருவதற்கு 21 வருடம் முன்னாலேயே அந்த ஊரில் இன்னொன்று தொடங்கியிருந்தது. பெயர், சிகாகோ எல்.ஜி.பி.டி. புகழ் மண்டபம். 1991-இல் ஆரம்பித்தபோது 'கே அண்ட் லெஸ்பியன்' என்ற பெயரில் இருந்தது. இது சிகாகோக்காரர்களுக்கானது, அந்த நகரத்தோடு தொடர்புள்ளவர்களை மட்டும் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் ஒரு நகர அரசு தானே முன்னின்று இப்படி ஒன்றை ஏற்படுத்தியது அதுதான் முதல் முறை.

"மண்டபம் எங்க இருக்கு? நான் பார்க்கலையே?"

இல்லை. கட்டடம் என்று ஒன்றும் கிடையாது. அமெரிக்கர்கள் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குக் கட்டிய புகழ் மண்டபம் பிரபலமானது. அங்கே சுவர் உண்டு, சுவரில் தகடு உண்டு. பெயரை மட்டும் அப்படிப்பட்ட மண்டபங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சிகாகோவில் இருப்பது ஒரு பட்டியல், ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு, எடுத்துப்போய் வைக்கக்கூடிய படப்பலகைகள், பிறகு ஒரு விழா. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். ஏற்கெனவே சேர்க்கப்பட்டவர்கள் அடங்கிய குழு படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். தனி மனிதர்கள், அமைப்புகள் தவிர 'சமூகத்தின் நண்பர்' என்று மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. தான் அந்தச் சமூகத்தைச் சேராமல், அவர்களுக்காக நின்றவர்களுக்கு அது.

"நம்ம மதுரை நர்த்தகி நடராஜ் அம்மாவுக்கு 2019-ல பத்மஸ்ரீ குடுத்தாங்களே, அந்த மாதிரியா?"

கிட்டத்தட்ட. அந்த அம்மாவுக்குக் கிடைத்தது பரதநாட்டியத்துக்கு. திருநங்கை ஒருவர் முதன்முறையாக அந்த விருதை வாங்கியதால் அது எல்லோருக்கும் பெருமையானது. சிகாகோ பட்டியலில் கலைஞர்களும் உண்டு. ஆனால் அதன் முதுகெலும்பு வேறு. கோர்ட்டுக்கு அலைந்தவர்கள், துண்டுப் பிரசுரம் அடித்தவர்கள், ஆலோசனை மையத்தில் ராத்திரி போன் எடுத்தவர்கள். ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்கள்தான் அதில் அதிகம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

"சரி, லிஸ்ட் போட்டாங்க. விழா வெச்சாங்க. அதுல என்ன தம்பி அவ்வளவு விசேஷம்? எங்க டிபார்ட்மெண்ட்லகூட வருஷா வருஷம் யாருக்காவது சர்டிபிகேட் குடுப்பாங்க."

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல 1964-க்குப் போக வேண்டும். அந்த ஏப்ரலில் ஒரு ராத்திரி, சிகாகோவை ஒட்டிய ஃபன் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்து 109 பேரைப் பிடித்தது. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் கூடும் இடம் அது. இத்தனைக்கும், தனிமையில் இரண்டு பெரியவர்களுக்குள் மனமொத்து நடப்பது குற்றமில்லை என்று அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் மாற்றிய மாநிலம், சிகாகோ இருக்கும் இல்லினாய்தான். 1962 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. ஆனால் போலீசுக்கு வேறு பிரிவுகள் இருந்தன. மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. பிடிபட்டவர்களில் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெயரும் வேலையும் அச்சானது.

அந்தக் காலத்தில் பேப்பரில் பெயர் வந்தால் வாழ்க்கை முடிந்தது. வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்புவார். ஊரில் அம்மா அப்பாவுக்கு யாராவது அந்தப் பக்கத்தை வெட்டித் தபாலில் அனுப்புவார்கள். கோர்ட்டில் கேஸ் நிற்குமா நிற்காதா என்பதெல்லாம் பிறகு. தண்டனை அச்சகத்திலேயே முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில், 1991-இல், நகராட்சிக் கட்டடத்துக்குள்ளே மேயர் முன்னிலையில் அவர்களைப் போன்றவர்களின் பெயர்களைச் சொல்லிக் கௌரவித்தார்கள். முழுப் பெயர். படத்தோடு. மேயர் ரிச்சர்ட் எம். டேலி. 1964-இல் அதே நாற்காலியில் இருந்தவர் அவருடைய அப்பா ரிச்சர்ட் ஜே. டேலி. பெயர் வெளியே வருவதுதான் தண்டனை என்றிருந்த மனிதர்களுக்கு, அதே பெயரை அதே ஊர் மரியாதையாக உரக்கச் சொல்கிறது. சர்டிபிகேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"இவங்கள்ல யாராவது நம்ம மாதிரி சாதாரண ஆள் உண்டா? டூரிங், நோபல்னு பெரிய ஆளாச் சொல்லாம."

உண்டு. உங்கள் டிபார்ட்மெண்ட் ஆளே உண்டு என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹென்றி கெர்பர். 1892-இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர். 1913-இல் அமெரிக்கா போய்ச் சிகாகோவில் குடியேறினார். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் பகுதி ஒன்று ஜெர்மனியில் தங்கியிருந்தது. 1920 முதல் மூன்று வருடம் கெர்பர் அதில் வேலை பார்த்தார். அங்கே அவர் கண்டது அவரை மாற்றிவிட்டது. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற டாக்டர் தன்பாலீர்ப்பு உள்ளவர்களைத் தண்டிக்கும் சட்டத்தை நீக்கச் சொல்லி வெளிப்படையாக இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கென்று சங்கங்கள் இருந்தன, கடையில் வாங்கக்கூடிய பத்திரிகைகள் இருந்தன. சிகாகோ திரும்பிய கெர்பர் தபால் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வடக்கு கிரில்லி கோர்ட் என்ற சந்தில் ஒரு வாடகை அறை. அந்த அறையில் இருந்துகொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார்.

1924 டிசம்பர் 10 அன்று இல்லினாய் மாநில அரசு அதைப் பதிவு செய்து சாசனம் கொடுத்தது. பெயர், மனித உரிமைகளுக்கான சங்கம். விண்ணப்பத்தில் தன்பாலீர்ப்பு என்ற பேச்சே இல்லை. இருந்திருந்தால் பதிவு கிடைத்திருக்காது. இயக்குநர்கள் ஏழு பேர். தலைவர் ஜான் டி. கிரேவ்ஸ் என்ற கறுப்பினப் போதகர். ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவர். யாரிடமும் பணம் கிடையாது. வசதியானவர்கள் சேரப் பயந்தார்கள். அமெரிக்காவில் இந்த மக்களுக்காகப் பதிவான முதல் சங்கம் என்று வரலாற்றில் இன்று சொல்லப்படுவது இந்த ஏழு ஏழைகளின் சங்கத்தைத்தான்.

கெர்பர் 'நட்பும் சுதந்திரமும்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு பத்திரிகையும் கொண்டுவந்தார். இரண்டு இதழ் வந்தது.

"எப்படி அனுப்பினார்?" என்று உடனே கேட்டார் போஸ்ட்மாஸ்டர். "தபால்லதானே அனுப்பணும்?"

அங்கேதான் ஆபத்தே இருந்தது. ஆபாசமானது என்று கருதப்படும் எதையும் தபாலில் அனுப்புவது குற்றம் என்று 1873-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருந்தது. காம்ஸ்டாக் சட்டம் என்பார்கள். இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் நேசிப்பதைப் பற்றி நாகரிகமாக எழுதினாலும் அதை ஆபாசம் என்று சொல்லிவிட முடியும். கெர்பர் தபால் ஊழியர் வேறு. எதில் கை வைக்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தார்.

1925 கோடையில் ஒரு ஞாயிறு, நள்ளிரவு தாண்டிய நேரம், கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு துப்பறிவாளர். கூடவே ஒரு பத்திரிகை நிருபர். சங்கத்து ஆள் ஒருவரின் வீட்டிலிருந்து சமூகப் பணியாளர் ஒருவரிடம் புகார் போயிருந்தது. வாரண்ட் கிடையாது. அறையிலிருந்த டைப்ரைட்டர், சங்கத்தின் காகிதங்கள், டைரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். காலையில் பேப்பரில் பெரிய எழுத்தில் செய்தி. விபரீத உறவுக் கும்பல் பிடிபட்டது என்ற தோரணையில்.

மூன்று முறை கோர்ட் ஏறினார். வக்கீல் ஃபீசுக்கே வாழ்நாள் சேமிப்பு போனது. கடைசியில் வாரண்ட் இல்லாமல் பிடித்தது செல்லாது என்று நீதிபதி கேஸைத் தள்ளிவிட்டார்.

"அப்ப வேலைக்குத் திரும்பியிருப்பாரே."

இல்லை. முதலில் சஸ்பென்ஷன். கேஸ் தள்ளுபடியான பிறகு வாஷிங்டனிலிருந்து டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. காரணம், தபால் ஊழியருக்குப் பொருந்தாத நடத்தை.

போஸ்ட்மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த வாசகம் எங்க நடத்தை விதியிலயும் இருக்கு தம்பி. அரசு ஊழியருக்குப் பொருந்தாத எதையும் செய்யக் கூடாதுன்னு. ரூல் மூணு. அதுக்குள்ள எதை வேணா அடைக்கலாம். நானே அதை வெச்சு மெமோ டைப் அடிச்சுக் குடுத்திருக்கேன். கோர்ட்டே விட்ட ஆளை..." வாக்கியத்தை முடிக்கவில்லை. உள்ளே திரும்பி, இன்னும் ரெண்டு டீ போடும்மா என்றார்.

கெர்பர் நியூயார்க் போய் மறுபடி ராணுவத்தில் சேர்ந்து வருடக்கணக்காக அங்கேயே இருந்தார். சங்கம் அந்தக் கைதோடு சரி. பத்திரிகையின் ஒரு பிரதிகூட இன்று கிடைத்தபாடில்லை. நடந்தது நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம், 1962-இல், எழுபது வயதில், 'ஒன்' என்ற பத்திரிகையில் அவரே தன் பெயர் போட்டு அத்தனையையும் எழுதிவைத்ததுதான். 37 வருடம் முன்னால் யாரோ அவர் பெயரைத் தலைப்புச் செய்தியாக்கினார்கள். இந்த முறை அவரே அச்சுக்குக் கொடுத்தார்.

அந்த 'ஒன்' பத்திரிகைக்கும் ஒரு தபால் கதை உண்டு. 1954 அக்டோபர் இதழை லாஸ் ஏஞ்சலஸ் போஸ்ட்மாஸ்டர் ஆபாசம் என்று நிறுத்திவைத்தார். போஸ்ட்மாஸ்டர் பெயர் ஓட்டோ ஓலசன். பத்திரிகைக்காரர்கள் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். கீழே இரண்டு கோர்ட்டிலும் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1958 ஜனவரியில் நீதிமன்றம் வாதங்களைக்கூடக் கேட்காமல், சுருக்கமான ஓர் உத்தரவில் கீழ்க்கோர்ட் தீர்ப்பை ரத்து செய்தது. அதன்பிறகு அந்தப் பத்திரிகைகள் தபாலில் போகலாம் என்றானது. கெர்பர் தன் கதையை எழுத ஒரு இடம் இருந்தது என்றால், இந்த வழக்குதான் அதற்கு வழி செய்தது.

1972-இன் கடைசி நாளில், எண்பதாவது வயதில், வாஷிங்டனில் கெர்பர் இறந்தார். 1992-இல் சிகாகோ அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. போலீஸ் கதவு தட்டிய அந்தக் கிரில்லி கோர்ட் வீடு 2015 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம்.

"பேர் வெச்சதால அவருக்கு என்ன? ஆள்தான் இல்லையே."

அவருக்கு இல்லைதான். இதில் நான் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. உயிரோடு இருக்கும்போது கிடைப்பதும் செத்த பிறகு கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. பிராங்க் காமெனி என்று ஒருவர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய வானியல் அறிஞர். 1957-இல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார். கெர்பரைப் போலவேதான். ஆனால் இவர் விடவில்லை. 1961-இல் உச்ச நீதிமன்றத்துக்குத் தானே மனு எழுதினார், ஏற்கவில்லை. 1965-இல் கோட்டு டையோடு, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை மாளிகை வாசலில் ஊர்வலம் போனார். 2009-இல், அவருக்கு 84 வயதாகும்போது, மத்திய அரசின் பணியாளர் துறைத் தலைவர் நேருக்கு நேர் நின்று மன்னிப்புக் கேட்டார். காமெனி அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டார். அப்படி ஒரு நாள் கெர்பருக்கு வரவில்லை. எந்தத் தகடும் அதை ஈடுகட்டாது.

ஆனால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் வேண்டும். 1964 கைதுகளுக்குப் பிறகு சிகாகோவில் சிலர் கூடி, அடுத்த வருடமே 'மாட்டசீன் மிட்வெஸ்ட்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்கு வக்கீலாக நின்றவர் பேர்ல் ஹார்ட் என்ற அம்மா. 1890-இல் பிறந்தவர். தெருவில் பிடித்துவந்த பெண்களுக்காகவும் கம்யூனிஸ்ட் என்று நாடுகடத்தப் பார்த்த குடியேறிகளுக்காகவும் வாழ்நாள் முழுக்க வாதாடியவர். தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் போலீஸ் பிடித்தால் அவரைத்தான் தேடி ஓடுவார்கள். 1981-இல் அந்தச் சமூகம் சிகாகோவில் ஒரு நூலகம் தொடங்கியபோது இரண்டு பேரையும் சேர்த்துப் பெயர் வைத்தது: கெர்பர்–ஹார்ட் நூலகம். வேலை போன குமாஸ்தாவும் கூட நின்ற வக்கீலும் ஒரே பலகையில். பழைய கடிதங்கள், சங்க ரசீதுகள், நோட்டீசுகள் எல்லாவற்றையும் அங்கே சேர்த்துவைக்கிறார்கள். காகிதத்தைக் காப்பாற்றிவைக்க ஆள் இல்லாத ஊரில் புகழ் மண்டபம் வைத்துப் பயன் இல்லை. யாரைச் சேர்ப்பது என்று தெரிய, முதலில் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

இரண்டாவது டீ வந்தது. அவர் மறுபடி போனை எடுத்து ஜேன் ஆடம்ஸ் தகட்டைப் பெரிதாக்கினார்.

"இந்த அம்மா தன்னை அப்படின்னு சொல்லிக்கிட்டாங்களா?"

சொல்லவில்லை. இது எனக்கே கொஞ்சம் சங்கடமான இடம். ஜேன் ஆடம்ஸ் 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தைத் தொடங்கியவர், 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். மேரி ரோசெட் ஸ்மித் என்ற பெண்ணோடு ஏறத்தாழ நாற்பது வருடம் இணைந்து வாழ்ந்தார். இருவரும் சேர்ந்து மெய்ன் மாநிலத்தில் வீடு வாங்கினார்கள். 1934-இல் மேரி இறந்தார். அடுத்த வருடம் ஜேன். இருவருக்கும் இடையிலான கடிதங்களில் நிறைய எரிக்கப்பட்டுவிட்டன. எரித்தவர் ஜேன் ஆடம்ஸே. 2008-இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

கடிதத்தை எரித்த ஒருவரின் விருப்பத்தை மீறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் இன்றைய சொல்லை ஏற்றிருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நெடுங்காலம் பல பாடப்புத்தகங்கள் அவரைக் கல்யாணம் ஆகாதவர், தனியாக வாழ்ந்தவர் என்றே எழுதின. நாற்பது வருடம் கூட இருந்தவரின் பெயர் அவற்றில் இல்லாமல் போனது. மேரியின் பெயரைச் சொல்லாமல் விடுவதும் ஒரு பொய்தான். என்னைக் கேட்டால், ஆவணம் சொல்கிற அளவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லி, அதற்குமேல் ஒரு வார்த்தையும் கூட்டாமல், பெயரைச் சேர்க்கலாம்.

லோரெய்ன் ஹான்ஸ்பெரி விஷயம் வேறு மாதிரி. சிகாகோவில் பிறந்த கறுப்பின நாடக ஆசிரியர். 1959-இல் பிராட்வேயில் மேடையேறிய 'எ ரெய்சின் இன் த சன்' அவர் எழுதியது. 1957-இல் பெண்களுக்கான 'த லேடர்' என்ற சிறு பத்திரிகைக்கு அவர் கடிதங்கள் அனுப்பினார். கீழே முழுப் பெயர் கிடையாது, இன்ஷியல் மட்டும். 34 வயதிலேயே இறந்துவிட்டார். 1999-இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, இன்ஷியலுக்குப் பின்னால் இருந்தவரின் பெயர் முழுதாக எழுதப்பட்டது. இரண்டே வருடத்தில் நாடு முழுக்கத் தெரியப்போகிற எழுத்தாளரே இரண்டு மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருந்தது என்பதை யோசிக்கும்போது, 1964-இல் பேப்பரில் பெயர் வந்த அந்த வாத்தியார்களின் நிலை எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது.

நகராட்சி மனம் மாறியது தானாக நடக்கவில்லை என்பதையும் சொன்னேன். வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சிகாகோ நகர மன்றத்தில் 1973-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது சட்டமானது 1988 டிசம்பரில். நடுவில் 15 வருடம், தோல்விமேல் தோல்வி. கடைசிக் கட்டத்தில் நாலு பேர் ஒவ்வொரு கவுன்சிலர் வீடாக, ஆபீசாக ஏறி இறங்கி ஓட்டு சேகரித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான்-ஹென்றி டாம்ஸ்கி, வாராவாரம் பத்தி எழுதிய பத்திரிகையாளர். 1991-இல் முதல் வரிசையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார். சட்டம் வந்து மூன்றே வருடத்தில் நகராட்சியின் மனித உறவுகள் ஆணையத்துக்குள் இருந்த ஆலோசனைக் குழு புகழ் மண்டபத்தை ஆரம்பித்தது. முதலில் சட்டம், பிறகுதான் மரியாதை. விழாவுக்கு ஆகும் செலவை அன்றும் இன்றும் பெரும்பாலும் நன்கொடைதான் தாங்குகிறது.

"ஒருதடவை வெச்ச பேரை எடுக்க மாட்டாங்களே?"

எடுக்கிறார்கள். ஹார்வி மில்க் தகடும் நீங்கள் பார்த்த தெருவில் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கேமரா கடை வைத்திருந்தவர். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லியே 1977-இல் நகர மன்றத்துக்கு ஜெயித்தவர். மறு வருடம் நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இளவயதில் கடற்படையில் இருந்தவர். அந்தக் கடற்படை 2021-இல் அவர் பெயர் தாங்கிய ஒரு கப்பலை நீரில் இறக்கியது. 2025 ஜூனில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கப்பல் நீரில் இறங்கிய பிறகு அந்தப் பெயர் நாலு வருடம்கூட நிற்கவில்லை. ஒரு ஆட்சி கொடுத்ததை அடுத்த ஆட்சி எடுக்க முடியும். அதனால்தான் ஊர்க்காரர்கள் தாங்களே காசு போட்டு, தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே வைத்திருக்கும் பட்டியலை நான் மதிக்கிறேன்.

சொன்ன பிறகு எனக்கே வருத்தமாக இருந்தது. இன்னொன்று ஞாபகம் வந்து, என் போனில் தேடி ஒரு படத்தை எடுத்து நீட்டினேன். ஹார்வி மில்க் தபால்தலை. 2014 மே 22, அவருடைய பிறந்தநாள் அன்று வெள்ளை மாளிகையில் வைத்து வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். தன் கேமரா கடை வாசலில் நின்று சிரிக்கிறார். மூலையில் சின்னதாக வானவில் பட்டை.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஓரத்துப் பல் வெட்டு, மதிப்பு எழுதியிருக்கும் இடம், அச்சின் நேர்த்தி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வெளியிட்டது யாரு? அதே தபால் டிபார்ட்மெண்ட்தானே? கெர்பரை வீட்டுக்கு அனுப்பின டிபார்ட்மெண்ட்?"

ஆமாம் என்றேன்.

"சிகாகோ ஆபீஸ்லயும் இது வித்திருக்கும்."

"வித்திருக்கும் சார்."

வலது கையை மடக்கி, திண்ணைச் சிமெண்டின்மேல் ஒரு தரம் ஓங்கி வைத்தார். 36 வருடம் பழகிய கை.

"அப்ப ஏதோ ஒரு குமாஸ்தா, அந்த ஊர் பேரு போட்ட முத்திரையை இந்த ஸ்டாம்ப் மேல குத்தி அனுப்பியிருப்பான்" என்றார்.